உடையில் தைத்த எழுத்து: பியூரிட்டன் சட்டமும் ஒரு சொல்லின் பொருளும்

குற்றத்தின் பெயரைக் குற்றவாளியின் உடைமீதே எழுதிவைக்கும் வழக்கம், பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் சட்டமாகவே இருந்தது. நத்தானியல் ஹாதார்னின் 'த ஸ்கார்லெட் லெட்டர்' (1850) என்னும் புதினத்தின் வாயிலாகவே இது பெரிதும் அறியப்பட்டுள்ளது. எனினும், புதினம் காட்டும் தண்டனையும் ஆவணங்கள் காட்டும் தண்டனையும் ஒன்றல்ல.

மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1631இல் இக்குற்றத்திற்கு மரண தண்டனை விதித்தது. முதியவர் ஒருவருக்கு மணம் செய்விக்கப்பட்டிருந்த, ஏறத்தாழப் பதினெட்டு வயதான மேரி லேத்தமும் ஜேம்ஸ் பிரிட்டனும் 1644இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டனர். இதனை ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். புதினம் நிகழும் 1640களின் பாஸ்டனில் எழுத்தணியும் சட்டம் இல்லை. சட்டத்தில் இருந்தது மரணமே.

எழுத்துத் தண்டனையின் தொடக்கத்தைப் பிளிமத் குடியேற்றத்தில் காண்கிறோம். 1639இல் மேரி மென்டேம் என்னும் மணமான பெண், டின்சின் என்னும் பழங்குடி ஆடவரோடு உறவு கொண்டதாகத் தண்டிக்கப்பட்டார். வண்டியின் பின்னே தெருக்களில் நடத்திச் சாட்டையால் அடிக்கவும், இடக்கையில் அடையாளச் சின்னம் அணிவிக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. சின்னமின்றிக் காணப்பட்டால் முகத்தில் சூடு போடப்படும். டின்சினுக்குச் சாட்டையடி மட்டுமே. மயக்கியவள் அப்பெண்ணே என்பது நீதிமன்றம் கூறிய காரணம். 1641இல் ஆன் லின்ஸ்ஃபோர்டு, தாமஸ் பிரே ஆகிய இருவருக்கும் 'ஏ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகள் அணியும் தண்டனை விதிக்கப்பட்டது. 1658இல் இது பிளிமத்தின் பொதுச் சட்டமாயிற்று.

மாசசூசெட்ஸ் 1694இல்தான் மரணத்தை நீக்கி எழுத்தை ஏற்றது. கழுத்தில் கயிற்றுடன் தூக்குமேடையில் ஒரு மணி நேரம் நிற்றல், நாற்பதுக்கு மேற்படாத சாட்டையடி, அதன்பின் இரண்டு அங்குல உயரமுள்ள 'ஏ' என்னும் எழுத்தை மேலாடையில் அணிதல் என்பன தண்டனைகள். எழுத்து உடைக்கு மாறான நிறத்தில் இருத்தல் வேண்டும் என்பதே விதி. செந்நிறம் ஹாதார்னின் தேர்வாகும்.

எழுத்து இருபாலார்க்கும் உரியது. ஆயின் குற்றத்தின் வரையறை அவ்வாறன்று. மணமான அல்லது மணம் நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு கொள்ளும் உறவே இக்குற்றம் என 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வரையறுத்தது. மணமான ஆடவன் மணமாகாத பெண்ணோடு உறவு கொண்டால் அது வேறு பெயர் கொண்ட சிறு குற்றமே. ஆகவே, ஒரே செயலின் பெயரை முடிவு செய்தது பெண்ணின் மணநிலையே.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வரையறை இன்றியமையாதது. தமிழ் விவிலியம் இக்குற்றத்தை 'விபசாரம்' என்றும், மணமாகாதார் உறவை 'வேசித்தனம்' என்றும் வேறுபடுத்தியது. இன்றைய வழக்கிலோ 'விபசாரம்' பெரும்பாலும் உடலை விற்கும் தொழிலையே குறிக்கிறது. அச்சொல்லை இவ்வாவணங்களில் அப்படியே இட்டால், மேரி லேத்தம் செய்யாத ஒன்றைச் செய்தவராகிவிடுவார். 'பிறனில் விழைதல்' என்னும் குறள் வழக்கோ வரையறைக்கு நெருங்கியது. ஆயினும் அதில் வினைமுதல் ஆடவனே, பெண் தண்டனைக்குரியவளாக வருவதில்லை.

ஹாதார்ன் தம் புதினத்தில் குற்றத்தின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத்து மட்டுமே பேசுகிறது. பெயர் சூட்டுவதே தண்டனையாக இருந்த ஒரு சமூகத்தை மொழிபெயர்ப்போர், தாம் இடும் சொல்லும் அப்பெண்கள்மேல் தைக்கப்படும் மற்றோர் எழுத்தே என்பதை மறத்தலாகாது.