வார்ப்பும் அடிப்பும் (கேரள வெண்கலம்)

உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. உருகவிடாமல் காய்ச்சிச் சுத்தியலால் உருவாக்குவது அடிப்பு. பொதுவாக அடித்த பொருளே வலுவானது. நுணுக்கமான வடிவங்களுக்கு வார்ப்பே எளிது. ஆனால் பல நேரம் தேர்வு கைவினைஞரிடம் இல்லை, கலவையிடம்தான். செம்பில் வெள்ளீயம் சுமார் 22 விழுக்காடு என்றால் அந்த வெண்கலத்தைச் செஞ்சூட்டில் அடித்து உருவாக்கலாம். கேரளக் கன்னார்கள் (வெண்கல வேலை செய்வோர்) அதைத் தட்டித் தாலமாக்கி உடனே தண்ணீரில் முக்குவார்கள். மெல்ல ஆறவிட்டால் எளிதில் நொறுங்கும்.

கேரளத்தின் உலோக முகக்கண்ணாடியான ஆறன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயம் ஏறக்குறைய 33 விழுக்காடு. சுத்தியல் பட்டால் சிதறும். களிமண் அச்சில் வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவதே வழி. வியப்பு என்னவெனில், அதை நொறுங்கவைக்கும் அதே உள்ளமைப்புதான் முகம்பார்க்கும் பளபளப்பையும் தருகிறது. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள மத்திய அரசு ஆய்வகத்தினர் இக்கலவையை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.