நடுத்தர அறிமுகங்கள்: பிறைத் தொழிற்பேட்டையும் தமிழரின் வேலைத் தொடர்புகளும்

வேலை தேடும் பட்டதாரிக்கு இன்று மலேசியாவில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: லிங்க்ட்இன்னில் கணக்கைத் திற, தொடர்புகளைப் பெருக்கு. பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டிப் பிரிவும் இதைச் சொல்கிறது, இந்தியர் சங்கங்கள் நடத்தும் பயிலரங்குகளும் சொல்கின்றன. இந்த அறிவுரையின் முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாம் பாதியை ஏற்கத் தயக்கம் உண்டு. பினாங்கின் செபராங் ஜெயாவிலும் அதை ஒட்டிய பிறையிலும் வாழும் தமிழர்களுக்கு ஆள்பழக்கத்தில் குறைவில்லை. ஒரே ஆலையிலோ ஒரே பயிற்சிக்கூடத்திலோ சேர்ந்து வேலை பார்த்து, பிறகு வேறு வேறு நிறுவனங்களுக்குப் பிரிந்து போனவர்களின் அறிமுகம்தான் குறைவு. அத்தகைய அறிமுகம் திரையில் பிறப்பதில்லை. ஏற்கெனவே பிறந்ததைக் காத்து வைக்கத் திரை உதவும், அவ்வளவே.

இந்த விவாதத்தின் தொடக்கம் 1973. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்க சமூகவியல் இதழொன்றில் பலவீனமான தொடர்புகளின் பலம் குறித்து எழுதிய கட்டுரை அந்த ஆண்டில் வந்தது. பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் அண்மையில் வேலை மாறியிருந்த தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான்; புதுச் செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்தே வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி இது. 1974-இல் வந்த அவருடைய நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வேலை வாங்கித் தந்த அந்த அறிமுகங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குடும்பத்தின் வழியிலோ நட்பின் வழியிலோ அல்லாமல் பணியிடத்தின் வழியில் உருவானவை. பழைய மேலாளர், பக்கத்து மேசைக்காரர், முந்தைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் போன்றவர்கள். தூரத்து அறிமுகம் என்றால் முன்பின் தெரியாதவர் என்று பொருள் கொள்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டவர்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல், சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதே கருத்தை லிங்க்ட்இன்னிலேயே சோதித்துப் பார்த்தது. இரண்டு கோடிப் பயனர்களுக்கு ஐந்தாண்டுக் காலம் தளம் காட்டிய 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்' பரிந்துரைகளை மாற்றி மாற்றி அமைத்து, எந்த வகைத் தொடர்பு வேலை மாற்றத்துக்கு வழிவிடுகிறது என்று பார்த்தார்கள். பொதுவான நண்பர்களின் எண்ணிக்கையை வைத்து அளந்தபோது, மிக நெருங்கிய தொடர்பும் அதிகம் பயன் தரவில்லை, மிகத் தூரத்துத் தொடர்பும் தரவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டதே பயன் தந்தது. கணினிமயமான துறைகளில் பலவீனத் தொடர்புகளும், மற்றத் துறைகளில் வலுவான தொடர்புகளும் கூடுதலாக உதவின என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இடைப்பட்ட இந்த அறிமுகத்தை இக்கட்டுரையில் நடுத்தர அறிமுகம் என்று குறிப்பிடுகிறேன்.

இனி செபராங் ஜெயாவுக்கு வருவோம். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பெருநிலப் பகுதியில் உருவாக்கிய புதுநகர் இது. ஒரு பக்கம் பிறையின் ஆலைகள். 1985-இல் திறந்த பாலத்தைக் கடந்தால் தீவும் அதிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பகுதியும். கருமாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, குடியிருப்போர் சங்கம், மரணச் சகாய நிதி, இவற்றுக்கெல்லாம் தனித்தனி வாட்ஸ்அப் குழு. ஒரே வேலைவாய்ப்பு அறிவிப்பு நான்கு குழுக்களிலும் வந்து விழுவது இங்கே அன்றாட அனுபவம். அடர்ந்த சமூகத்தின் இயல்பு இது. துக்கத்துக்கு ஓடி வரவும் மருத்துவச் செலவுக்குக் கைகொடுக்கவும் இந்த அடர்த்திக்கு ஈடு எதுவுமில்லை. புதுச் செய்தி கொண்டுவருவதில்தான் அது தோற்கிறது. நான்கு குழுக்களிலும் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள்.

இதற்கு ஒரு முன்வரலாறும் இருக்கிறது. செபராங் ஜெயா அமைந்திருக்கும் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் பழைய பெயர் புரொவின்ஸ் வெல்லெஸ்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பிறகு ரப்பர் காலத்தில் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்திலேயே வேலை பார்த்த ஒருவர் முதலாளியின் உரிமத்தோடு சொந்த ஊருக்குப் போய், உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு அவருக்கு. இந்திய அரசு 1938-இல் உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை மலாயாத் தோட்டங்கள் பெருமளவு இப்படித்தான் நிரம்பின. நெருங்கிய தொடர்பு வழியே வேலை பெறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் இல்லை. வேலை கிடைத்தது, கூடவே கடனும் வந்தது, சொந்தக்காரரையே மேற்பார்வையாளராகக் கொண்ட சிக்கலும் வந்தது. துரையை எதிர்த்தால் மாமனையும் எதிர்க்க வேண்டும். ஆகவே தொடர்பு எதுவானாலும் நல்லதே என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதன் மறுமுனையில் யார், அவருக்கு என்ன ஆதாயம் என்பதைப் பொறுத்தது. (இன்று பினாங்கு ஆலைகள் ஆள் கொண்டுவரும் ஊழியருக்குத் தரும் ஊக்கத்தொகையைப் பார்க்கும்போது தலைக்காசு நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் ஆலையில் அறிமுகம் செய்பவர் கடன் கொடுத்தவர் அல்லர். பெரும் வேறுபாடு அது.)

பினாங்கின் மின்னணுத் தொழில் வேறு வகைத் தொடர்புகளால் வளர்ந்தது. 1969-இல் ஜார்ஜ் டவுன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் அரசு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் முதலான பன்னாட்டு நிறுவனங்கள் வந்திறங்கின. அதன் பிறகு நடந்ததை மலேசியப் பொருளியலாளர் ராஜா ராசையா 1990-களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பன்னாட்டு ஆலைகள் தமக்கு வேண்டிய கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் உள்ளூர்ப் பட்டறைகளிடம் வாங்கத் தொடங்கின. பட்டறைகள் நுட்பம் கற்றன. ஆலையில் பயின்ற பொறியாளர்கள் வெளியேறித் தாமே தொழில் தொடங்கினார்கள். 1991-இல் முன்னாள் இன்டெல் பணியாளர்கள் தொடங்கிய குளோப்ட்ரானிக்ஸ் அந்த வகையின் பெயர்பெற்ற சான்று. கழகம் இதில் தரகராக நின்று நிறுவனங்களை ஒன்றோடொன்று பேச வைத்தது. 1989-இல் அமைந்த பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இன்னும் ஒரு படி மேலே போனது. சந்தையில் போட்டியிடும் நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே இயந்திரத்தின் முன்னால் சேர்ந்து பயின்றார்கள். நடுத்தர அறிமுகங்களைத் திட்டமிட்டு உண்டாக்கிய ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். லிங்க்ட்இன் 2003-இல்தான் வெளிவந்தது.

அந்த வட்டத்தில் தமிழர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். இயந்திரப் பட்டறைகள் பெரும்பாலும் சீனக் குடும்பங்களுடையவை. தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறியபோது வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறி ஓப்பரேட்டர்களாக வந்தார்கள். பலர் உழைத்துத் தொழில்நுட்பர்களாக உயர்ந்தார்கள். ஒரே ஷிப்டில் நின்றவர்களோடு பழக்கம் ஆழமானது. பொருள் வாங்கும் பிரிவோடும் வடிவமைப்புப் பொறியாளரோடும் பழகும் வாய்ப்பு அந்த இடத்தில் குறைவு. தொடர்பு பக்கவாட்டில் விரிந்தது, மேல்நோக்கி விரியவில்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகள் பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கிலும் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலும் பட்டயமும் பட்டமும் பெறுகிறார்கள். தகுதி ஒரு தலைமுறையில் ஏறிவிட்டது. அறிமுகம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. சமூகவியலாளர் பியான் யான்ஜியே 1997-இல் சீனாவின் தியான்ஜின் நகரை வைத்து, வேலை பெற்றுத் தருவது நெருங்கிய தொடர்புகளே என்று காட்டினார். தேவைப்படுவது செய்தியாக இருந்தால் தூரத்து அறிமுகம் போதும். செல்வாக்காக இருந்தால் நெருங்கியவர்தான் வேண்டும். அதே ஆண்டில் அவர் ஆங் சூன் என்பவரோடு சேர்ந்து சிங்கப்பூரையும் சேர்த்து ஆராய்ந்தபோதும் நெருங்கிய தொடர்புகளின் கையே ஓங்கியிருந்தது. மலேசியா எந்தப் பக்கம்? என் பார்வையில் இரண்டும் கலந்தது. ஆனால் பியானின் ஆய்விலேயே விடை ஒன்று கிடைக்கிறது. உதவி கேட்பவரும் வேலை தருபவரும் பலநேரம் நேரடியாக அறிமுகமானவர்கள் அல்லர்; இருவருக்கும் நம்பிக்கையான ஒருவர் நடுவில் நிற்கிறார். செபராங் ஜெயாவில் இல்லாதது அந்த நடு ஆள். சங்கத்திலும் கோயிலிலும் நம்பிக்கை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஆலையின் பணியமர்த்தும் அறையில் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பில்லை.

அறிமுகமே வேண்டாம், விண்ணப்பம் போதும் என்பவர்களுக்கு லீ ஹுவோக் ஆனும் முகம்மது அப்துல் காலிடும் 2016-இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவேன். கற்பனைத் தற்குறிப்புகளைத் தனியார் நிறுவனங்களின் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர் தாங்கிய தற்குறிப்புகளுக்கு நேர்காணல் அழைப்பு மலாய்ப் பெயருக்கு வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். இந்தியப் பெயர்கள் அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை. ஆயினும் தற்குறிப்பு மட்டும் தனியே போகும்போது பெயரும் மொழியும் தகுதிக்கு முன்னால் படிக்கப்படுகின்றன என்பது அதிலிருந்து தெளிவு. உடன் வேலை பார்த்த ஒருவர் 'இவர் வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்' என்று சொல்வதற்கு அந்த இடத்தில் தனி எடை உண்டு.

பிறையில் இதை உரைத்துப் பார்க்க ஒரு நிகழ்வு இருக்கிறது. 2021 ஜனவரியில் சோனி நிறுவனம் தன் பினாங்கு ஆலையை மூடிப் பணிகளை சிலாங்கூரின் பாங்கியில் ஒன்றிணைக்கப் போவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆலை மூடல் குறித்த பேச்சில் இழப்பு மட்டுமே கணக்கில் வருகிறது. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் மூடப்பட்ட நிறுவனங்களின் ஊழியர்களை ஆராய்ந்த சிங்கானோவும் ரொசோலியாவும் 2012-இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள்: ஒருவருடைய பழைய சக ஊழியர்களில் எத்தனை விழுக்காட்டினர் வேலையில் இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு அவருடைய வேலையில்லாக் காலம் குறைகிறது. மூடிய ஆலையின் ஆட்கள் பத்து ஆலைகளுக்குச் சிதறும்போது, முன்பு ஒரே ஷிப்டில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் நடுத்தர அறிமுகங்களாக மாறுகிறார்கள். ஆனால் சிதறியவர் எங்கே போனார் என்று தெரிந்தால்தான் அந்த மாற்றத்தால் பயன். லிங்க்ட்இன்னின் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது: கைப்பேசி எண் மாறினாலும் ஆள் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பதை அது சொல்லும். ஐந்நூறு புதியவர்களுக்கு அழைப்பு அனுப்புவதைவிட, பழைய உற்பத்தி வரிசையில் உடன் நின்ற நாற்பது பேரைத் தேடிப் பிடிப்பது மேல். ஓப்பரேட்டர்களும் தொழில்நுட்பர்களும் அத்தளத்தில் பெரும்பாலும் இல்லை என்பது உண்மைதான். அவர்களுக்கு ஆலைவாரியான வாட்ஸ்அப் குழு அதே வேலையைச் செய்யும். கோயில்வாரியான குழு செய்யாது.

எனவே தற்குறிப்பு எழுதுவதற்குப் பயிலரங்கு வைக்கும் சங்கங்கள், தம் உறுப்பினர்களில் ஆலையில் இருபது முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற தொழில்நுட்பர்களை முதலில் கணக்கெடுக்கலாம். அவர்கள் வேலை கற்றுக்கொடுத்த இளம் பொறியாளர்கள் இன்று மேலாளர்களாக இருக்கிறார்கள். அந்தப் பொறியாளர் எந்த இனத்தவராக இருந்தாலும், இயந்திரத்தைச் சீர்படுத்தக் கற்றுத்தந்தவரின் தொலைபேசி அழைப்பை எடுப்பார். பாலிடெக்னிக் மாணவருக்கும் அந்த மேலாளருக்கும் நடுவில் நிற்கத் தகுந்தவர் இந்த ஓய்வு பெற்றவர்தான். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்று நினைக்கிறேன். அறிமுகம் செய்துவைப்பவர் வேலை பெற்றவருக்கு மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது. ஆலை அவருக்கு ஊக்கத்தொகை எதுவும் தருமானால், தொகை எவ்வளவு என்பதை விண்ணப்பிக்கும் இளைஞரிடம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.