சுரப்பு: மடியிலிருந்து மூளைக்குப் போன சொல்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பால் கறக்கிற வீடுகளில் ‘சொரப்பு விட்டுருச்சா?’ என்பது அன்றாடக் கேள்வி. கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவி, காம்பை நீவிக்கொடுத்தால் ஒரு நிமிடம் போலத்தான் ஆகும். தொய்ந்து கிடந்த காம்பு விறைத்துப் பருக்கும், பால் இறங்கும். மாடு மிரண்டாலோ, பழகாத கை பட்டாலோ ‘பாலை அடக்கிக்கிச்சு’ என்பார்கள்.

சுரத்தல் பழைய வினை. ஊற்று சுரக்கும், வள்ளலின் கை சுரக்கும். சங்க நூல்களில் சுரை என்றால் பசுவின் மடியும்தான். மலையாளத்தில் பசு பால்விடுவதை இன்றும் ‘சுரத்துக’ என்றே சொல்கிறார்கள். மணிமேகலையின் அமுதசுரபியையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். ஆனால் சுரபி தெய்வப் பசுவைக் குறிக்கும் வடசொல்.

அறிவியல் தமிழ் இதே வினையிலிருந்து ‘சுரப்பி’யை ஆக்கிக்கொண்டது. குழாய் வழியாக அன்றித் தன் சுரப்பை நேரே ரத்தத்தில் கலக்கவிடுவது தமிழ்நாட்டுப் பாடநூலில் நாளமில்லாச் சுரப்பி. அது அனுப்பும் பொருளுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். இலங்கைத் தமிழில் அது ஓமோன். இப்படி மடியின் சொல் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தது. சொல்லின் அழுத்தமும் அனுப்புகிற இடத்துக்கு மாறியது.

மாடு சுரப்பு விடுவதற்குக் காரணம் பிட்யூட்டரியின் பின்மடல் விடுவிக்கும் ஆக்ஸிடோசின். அந்தப் பின்மடலின் சாறு கருப்பையைச் சுருக்குவதை 1906இல் ஹென்றி டேல் கண்டார். அதே சாறு ஆட்டுக்குப் பாலை இறக்குவதை 1910இல் ஆட், ஸ்காட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பொருளான ஆக்ஸிடோசின் ரத்தத்தோடு உடல் முழுக்கச் சுற்றுகிறது. பிறகு ஏன் எல்லாத் திசுவும் அசைவதில்லை?

விடை ஏற்பியில் இருக்கிறது. இலங்கையில் அதை ‘வாங்கி’ என்பார்கள். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதம் உள்ள செல்தான் அதன் பேச்சைக் கேட்கும். மெல்வின் சோலாஃப் குழுவினர் எலிகளில் கண்டதை 1979இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். கருப்பையில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் பிரசவத்தை ஒட்டிக் கிடுகிடுவென ஏறி, ஈன்றதும் சரிகின்றன. பால்சுரப்பியில் மெல்லப் பெருகி, பால் கொடுக்கும் காலம் முழுக்க நிலைக்கின்றன. ஹார்மோன் ஒன்றே, திசுவுக்குத் திசு, நாளுக்கு நாள், அதைப் பற்றும் அளவு வேறு.

கால்நடை மருத்துவர்களுக்கு இது கைப்பழக்கம். மாடு கன்று போட்ட ஓரிரு நாளுக்குள் ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் கருப்பை நன்றாகச் சுருங்கும். சில நாள் கடந்தால் அதே ஊசிக்குக் கருப்பை அவ்வளவாக அசையாது. மடி மட்டும் பால் இறக்கும். மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் இறக்கும் ‘பூக்கா’ என்ற கொடிய வழக்கமும் இந்த ஹார்மோனைத் தூண்டுவதுதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதையும், பாலுக்காகக் கேடு தரும் ஊசி போடுவதையும் குற்றமாக்குகிறது.

சுரப்பி என்ற பெயர் அனுப்புவதற்குக் கிடைத்தது. ‘சொரப்பு’ என்ற பேச்சோ இன்னும் மடியைத்தான் பார்க்கிறது. ஆக்ஸிடோசினைப் பொறுத்தவரை கறக்கிறவர்களின் பேச்சே சரியான இடத்தைத் தொடுகிறது: மூளை எவ்வளவு அனுப்பினாலும், ஏற்பி உள்ள திசு ஏற்றால்தான் காரியம் நடக்கும்.