இன்னொரு வருஷம்

போன வாரம் போடியில இருந்து அக்கா மகள் போன் பண்ணினா. "மாமா, இன்னொரு வருஷம் நீட் எழுதட்டுமா, இல்ல கிடைச்ச காலேஜ்ல சேர்ந்துடட்டுமா?" ரெண்டு தடவை எழுதியாச்சு. மார்க் மோசமில்லை, ஆனா சீட் கிடைக்கிற மார்க்கும் இல்லை. நடுவாந்தரம். யோசிச்சு சொல்றேம்மான்னு வெச்சுட்டேன். டாக்டர் ஆகாத மாமாகிட்டதான் இந்தக் கேள்வியைக் கேக்கணும்னு அவளுக்குத் தோணியிருக்கு பாருங்க :-)

யோசிக்க உட்கார்ந்தா கொசுவத்தி தானா சுத்த ஆரம்பிச்சிருச்சு. அது என் காலத்தோட நிக்காம இன்னும் பின்னாடி போயிருச்சு.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தெருவுல ஒரு வயசான டாக்டர் இருந்தார். பெயர்ப்பலகையில எல்.எம்.பி.ன்னு போட்டிருக்கும். அப்படின்னா என்னன்னு ரொம்ப நாள் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துல டாக்டர் ஆக ரெண்டு வழி இருந்திருக்கு. இன்டர்மீடியட் முடிச்சு எம்.பி.பி.எஸ். படிக்கிறது ஒண்ணு. பள்ளிப்படிப்போட மெடிக்கல் ஸ்கூல்ல சேர்ந்து நாலு வருஷத்துல பட்டயம் வாங்குறது இன்னொண்ணு. சென்னை ஸ்டான்லி 1938-ல் கல்லூரி ஆகிறவரைக்கும் இந்த மாதிரிப் பள்ளிதான். ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் பெண்களுக்காக ஆரம்பிச்சதும் இதேதான். இந்தப் பொண்ணுங்க எங்க பாஸ் பண்ணப் போறாங்கன்னு அதிகாரிகளுக்கே சந்தேகம். முதல் வருஷத் தேர்வு எழுதின 14 பேரும் பாஸ்!

1943-ல் போட்ட போர் கமிட்டி 1946-ல் அறிக்கை கொடுத்தது. அதுல ஒரு கணக்கு இருக்கு. அப்போ இந்தியாவில் பதிவு செஞ்ச டாக்டர்கள் 47,524 பேர். அதில் பட்டதாரிகள் 17,654 பேர்தான், மீதி 29,870 பேர் எல்.எம்.பி. மாதிரிப் பட்டயக்காரர்கள். அதாவது நாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வழியில் வந்தவர்கள். ஆனா இனிமே ஒரே வகை டாக்டர்தான், எம்.பி.பி.எஸ். மட்டும்தான்னு கமிட்டியில் பெரும்பான்மையினர் பரிந்துரைத்தார்கள். தரம் உயரணும்னு நினைச்சது தப்பில்லை. ஆனா நடுவாந்தர மாணவனுக்கு இருந்த பக்கவாசல் அதோட சாத்தப்பட்டது.

ஒரே வாசல் ஆனதும் அங்க நிக்கிற காவல்காரன் மட்டும் மாறிக்கிட்டே இருந்தான். 1970-ல் பி.யு.சி. மார்க்கோட நேர்முகத் தேர்வுக்கு 75 மார்க். அந்த மார்க் போட்ட விதமும், மாநிலத்தைத் தனித்தனி யூனிட்டாகப் பிரிச்சுத் தேர்வு செஞ்ச முறையும் சரியில்லைன்னு அதே வருஷம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் +2 வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத்தேர்வு வந்தது.

இங்கதான் நான் வர்றேன். 1995-ல் +2. அப்போ தேனி மாவட்டமே கிடையாது, நாங்க மதுரை மாவட்டம். +2 மார்க்குக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300. நான் 250-ஐத் தாண்டல. உயிரியல் நல்லா வந்துச்சு, இயற்பியல் கவுத்துருச்சு. அப்போ இம்ப்ரூவ்மென்ட்னு ஒண்ணு இருந்தது, ஞாபகம் இருக்கா? பாஸ் பண்ணினவனே மார்க் ஏத்த மறுபடி எழுதலாம். மதுரையில தங்கி கோச்சிங் போகணும். அப்பாவுக்கு ஏலக்காய் கடையில கணக்கு எழுதுற சம்பளம்தான். காசு எங்கிருந்து வரும்?

அக்காகிட்ட இருந்து வந்தது. டைப்ரைட்டிங் படிச்சுக்கிட்டிருந்தவ அதை நிறுத்திட்டா. விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல காய் எடுத்துட்டு, இருட்டினப்புறம்தான் வீடு திரும்புவா. "ஒரு வருஷந்தானடா"ன்னு சொன்னா. நான் மறுபடி எழுதினேன். பத்து மார்க் ஏறுச்சு. அதுவும் பத்தல. நான் பி.எஸ்சி. விலங்கியல்ல சேர்ந்தேன். ஒரு வருஷம்னு போன அக்கா, கல்யாணம் ஆகிறவரைக்கும் நாலு வருஷம் மலை ஏறினா.

அதுக்குப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2005-ல் நுழைவுத்தேர்வையும் இம்ப்ரூவ்மென்டையும் அரசு நிறுத்தப் பார்த்தது, நீதிமன்றத்தில் நிக்கல. அனந்தகிருஷ்ணன் குழு அறிக்கைக்குப் பிறகு கொண்டுவந்த சட்டத்தால் 2007-லிருந்து +2 மார்க் மட்டுமேன்னு ஆச்சு. 2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட். 2021-ல் ஏ.கே.ராஜன் குழு கொடுத்த கணக்குல என்னைத் தூக்கிப்போட்டது எது தெரியுமா? நீட்டுக்கு முந்தி சீட் வாங்கினவங்கள்ல நூத்துக்குப் பன்னிரண்டு பேர்தான் மறுபடி எழுதினவங்க. 2020-21-ல் அது எழுபதுக்கு மேல. 'இன்னொரு வருஷம்' அப்போ விதிவிலக்கு, இப்போ அதுவே பாடத்திட்டம் மாதிரி.

ஆக, நடுவாந்தர மார்க் வாங்கின பிள்ளை 'தொடரலாமா'ன்னு கேட்டா, எனக்குத் திறமை இருக்கான்னு மட்டும் அது கேக்கல. அந்த வருஷத்தை யார் சுமக்கிறதுங்கிற கேள்வியும் உள்ளே இருக்கு. 1995-ல் எங்க வீட்டில் அதை யாருமே வாய்விட்டுக் கேக்கல. அதுதான் தப்பு.

ஞாயித்துக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் எந்தப் பாடத்துல எவ்வளவுன்னு கேட்டேன். முதல் தடவைக்கு ரெண்டாவது தடவை நல்லாவே ஏறியிருக்கு, தேங்கி நிக்கல. இழுக்கிறது இயற்பியல்தான். மாமன் புத்தி! அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இவளுக்குக் கிடையாது, உதவிபெறும் பள்ளியில படிச்சவ.

"எழுது. ஆனா இதுதான் கடைசி. பக்கவாசல் எதையும் சாத்திக்காதே"ன்னேன். தேனியில 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கு. அதில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு +2 மார்க்தான், நீட் வேணாம். அதுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கேன். செலவு என்னுதுன்னு சொன்னேன்.

அக்கா போனை வாங்கி, "உனக்கெதுக்குடா வீண் செலவு?"ன்னா.

"டைப்ரைட்டிங் பீஸ்க்கா"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சாப்டியாடா?"ன்னு கேட்டா.

டிஸ்கி: மூணாவது தடவை எழுதித் தேறினவங்களும் சரி, நிறுத்திட்டு வேற பக்கம் போனவங்களும் சரி, உங்க கதையைச் சொல்லுங்க. அவகிட்ட படிச்சுக் காட்டுறேன்.