கோல் காப்பாளரும் காலத்தின் தீர்ப்பும்

உதைபந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களுள் பதின்மர் கால்களை நம்பி ஆட, ஒருவர் மட்டும் கைகளை நம்பி நிற்கின்றார். முன்வரிசை வீரர் ஒன்பது முறை குறி தவறிப் பத்தாம் முறை பந்தை வலைக்குள் செலுத்திவிட்டால், அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். கோல் காப்பாளரோ ஒன்பது பந்துகளைத் தடுத்துப் பத்தாவதைத் தவறவிட்டால், அந்தப் பத்தாவதே ஊரார் வாயில் நிலைத்துவிடும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. ஆயினும், கம்பங்களுக்கிடையே நிற்பவருக்கு அந்தச் சலுகையை இரசிகர் உலகம் எளிதில் வழங்குவதில்லை.

இத்தகைய கடும் பணியில் தலைசிறந்து விளங்கியவர் யார் என்னும் வாதம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாசின் என்பர் சிலர். இங்கிலாந்தின் கோர்டன் பாங்ஸ் என்பர் வேறு சிலர். இத்தாலியின் டினோ சொஃப் என்பாரும் உளர். உதைபந்தாட்ட வரலாறு, புள்ளிவிபரங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 20ஆம் நூற்றாண்டின் சிறந்த கோல் காப்பாளரைத் தெரிவு செய்தபோது, இம்மூவரையும் இதே வரிசையில் முதல் மூன்று இடங்களிலும் அமர்த்தியது. எனினும் வாதம் அத்துடன் ஓயவில்லை.

ஓயாமைக்கு ஒரு காரணம், காலத்துக்குக் காலம் இப்பணியே மாறியமையாகும். 1912ஆம் ஆண்டுக்கு முன்னர் கோல் காப்பாளர் தம் அணியின் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையாற் தொடலாம். அவ்வாண்டில் அவ்வுரிமை தண்ட எல்லைக்குள் மட்டும் அடக்கப்பட்டது. பின்னர் 1992இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தையும் கையால் எடுத்தலாகாது என விதி வந்தது. அன்றுமுதல் கோல் காப்பாளரும் கால்வித்தை கற்கவேண்டியவரானார். 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், அல்ஜீரியாவுக்கு எதிராக ஜேர்மனியின் மானுவெல் நொயர் தண்ட எல்லையைத் தாண்டி ஓடிவந்து பின்வரிசை வீரரைப்போலப் பந்தை அகற்றியமை இம்மாற்றத்தின் உச்சம் எனலாம். அவரையும், 1920களிலும் 1930களிலும் புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டு ரிக்கார்டோ சமோராவையும் ஒரே தராசில் நிறுத்தல் எங்ஙனம் இயலும்?

விதிகளின் மாற்றத்திலும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது, தவறிய பின்னர் ஒருவருக்கு வரலாறு இன்னொரு வாய்ப்பை அளித்ததா என்பதாகும். இதனை உணர 1950ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு யூலை 16ஆந் திகதி, பிறேசிலின் றியோ டி ஜெனெய்ரோ நகரிலே, புதிதாகக் கட்டப்பட்ட மரக்கானா அரங்கில் பிறேசிலும் உருகுவேயும் மோதின. நுழைவுச்சீட்டுப் பெற்று வந்தோர் மட்டும் 173,850 பேர். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே உலகக் கிண்ணம் பிறேசிலுக்கு. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பிறேசில் ஒரு கோல் போட்டது, அரங்கம் அதிர்ந்தது. பின்னர் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்புறமாக ஓடிப் பந்தைக் குறுக்கே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதனைக் கோலாக்கினார். ஆட்டம் முடிவதற்குப் பதினொரு நிமிடங்கள் இருக்கையில் கிஜ்ஜியா அதே வலப்புறத்தால் மீண்டும் வந்தார்.

பிறேசிலின் கோல் காப்பாளர் மொவசிர் பார்போசா, முன்போலவே பந்து குறுக்கே வருமென எண்ணி ஓரடி முன்னே நகர்ந்தார். அவ்வெண்ணம் பிழையன்று; அனுபவம் மிக்க எவரும் அவ்வாறே எண்ணியிருப்பர். ஆனால், கிஜ்ஜியா பந்தை அவருக்கும் அண்மைக் கம்பத்துக்கும் இடையே கிடந்த சிறு வெளியினூடாக உதைத்தார். பந்து வலையிற் புகுந்தது. உருகுவே இரண்டு, பிறேசில் ஒன்று. அரங்கம் மயானம்போல் அமைதியுற்றது.

பார்போசா சாதாரண ஆட்டக்காரர் அல்லர். வாஸ்கோ ட காமா கழகத்தின் தூணாக விளங்கியவர். 1949இல் தென் அமெரிக்கக் கிண்ணத்தை வென்ற பிறேசில் அணியைக் காத்தவர். ஆயினும் அன்றைய தோல்விக்குப் பொறுப்பாளிகளாக அவரும், ஜுவனால், பிகோடே என்னும் பின்வரிசை வீரர் இருவருமே சுட்டப்பட்டனர். மூவரும் கறுப்பினத்தவர் என்பது தற்செயலன்று எனக் கருதுவோர் பலர். பின்னர் உலகக் கிண்ண அரங்கில் நின்று அந்தக் கறையைக் கழுவும் வாய்ப்பு பார்போசாவுக்குக் கிட்டவேயில்லை. 1990களில், முதுமைக் காலத்தில், தேசிய அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்ற அவர், துரதிர்ஷ்டம் வந்து சேருமென அஞ்சித் திருப்பி அனுப்பப்பட்டார். அக்காலத்தில் பிறேசிலில் மிகக் கடிய தண்டனையும் முப்பது ஆண்டுகளாகவே இருந்தது. தாமோ செய்யாத குற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகள் அனுபவித்துவிட்டதாக அவர் மனம் நொந்து கூறினார். 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர் காலமானார்.

இதே 1950ஆம் ஆண்டில், மொஸ்கோவில் இளைஞர் ஒருவர் டைனமோ கழகத்துக்காக முதன்முறை களமிறங்கித் தடுமாறினார். அவரே லெவ் யாசின். யுத்த காலத்தில் சிறுவனாகத் தொழிற்சாலையில் உழைத்தவர் அவர். முதல் ஆட்டங்களில் தவறியதால் மீண்டும் மாற்று வீரராயினார். பனிக்கட்டி ஹொக்கியிலும் கோல் காப்பாளராக நின்று, 1953இல் அவ்விளையாட்டின் சோவியத் கிண்ணத்தையும் வென்றார். அக்காலத்திற்றான் உதைபந்தாட்டத்தில் அவருக்கு மறுபடி இடம் கிட்டியது. அதன்பின் 1956இல் மெல்பேண் ஒலிம்பிக் தங்கப் பதக்கமும், 1960இல் ஐரோப்பிய நாடுகளின் கிண்ணமும் அவரது அணிக்கு உரியனவாயின.

அவருக்கும் இரண்டாவது சறுக்கல் வந்தது. 1962இல் சிலி நாட்டின் அரிக்கா நகரில் நடந்த உலகக் கிண்ணக் காலிறுதியில், சோவியத் அணி 1–2 எனத் தோற்றது. சிலியின் இரு கோல்களும் தூரத்திலிருந்து உதைக்கப்பட்டவை. பழி முழுவதும் யாசின் தலைமேல் விழுந்தது. அவரது காலம் முடிந்தது எனப் பத்திரிகைகள் எழுதின. அவர் விளையாட்டை விட்டு விலகவும் எண்ணினார். ஆயினும் அவரது கழகம் அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே டைனமோ சோவியத் சம்பியனாயிற்று. 1963 ஒக்டோபரில் இலண்டன் வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராக உலக அணிக்கு ஆடிய யாசின், தாம் நின்ற முற்பாதியில் ஒரு கோலும் விடவில்லை. அவ்வாண்டின் தலைசிறந்த ஐரோப்பிய வீரருக்கான தங்கப் பந்து அவருக்கே வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற கோல் காப்பாளர் இன்றுவரை அவர் ஒருவரே.

பாங்ஸின் பெருமையை நிறுவுவது வேறொரு சான்று. 1970 யூன் 7இல், மெக்சிக்கோவின் குவாடலஹாரா நகரில், பெலே தலையால் முட்டிக் கீழ்நோக்கி அடித்த பந்தை, அவர் வலப்புறம் பாய்ந்து ஒரு கையால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார். அக்காட்சியைப் புகழாதார் இல்லை. எனினும் அதனினும் வலிய சான்று அடுத்த வாரத்தில் கிடைத்தது. நோயுற்ற பாங்ஸ் இல்லாமல், மேற்கு ஜேர்மனியைச் சந்தித்த இங்கிலாந்து இரண்டு கோல்களால் முந்தியிருந்தும் 2–3 எனத் தோற்றது. அன்று அவருக்குப் பதிலாக நின்ற பீட்டர் பொனெட்டி மீண்டும் ஒருபோதும் இங்கிலாந்துக்கு ஆடவில்லை. ஒரே தோல்வி ஒருவரின் புகழை உயர்த்தி மற்றவரின் வழியை அடைத்தது.

சொஃப்பின் கதையும் இதனையே உணர்த்தும். 1978இல் ஒல்லாந்தும் பிறேசிலும் தூரத்திலிருந்து அடித்த கோல்களுக்காக அவர் கண்டிக்கப்பட்டார். கண் மங்கிவிட்டது என்றும் ஏளனம் செய்தனர். இத்தாலியோ அவரை விலக்கவில்லை. 1982இல், நாற்பது வயதில், அணித் தலைவராக அவர் உலகக் கிண்ணத்தைக் கையிலேந்தினார். அத்தொடரில் பிறேசிலுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கணத்தில், ஒஸ்கார் தலையால் அடித்த பந்தைக் கோல் கோட்டின்மேல் அழுத்திப் பிடித்தவரும் அவரே.

ஒலிவர் கானின் அனுபவம் இவற்றுக்கு மாறானது. 2002இல் இறுதியாட்டத்துக்கு முன் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு கோலை மட்டும் விட்ட அவர், இறுதியாட்டத்தில் ரிவால்டோ உதைத்த பந்தைக் கைநழுவவிட, றொனால்டோ அதனைக் கோலாக்கினார். எனினும் அத்தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்கே சென்றது. ஒரு பிழை ஏனைய உழைப்பை அழிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குமிடத்து, யாசினை முதலிடத்தில் வைப்பது தக்கதே. அவர் தவறாதவர் என்பதனால் அன்று. இருமுறை தவறி இருமுறையும் எழுந்தவர் என்பதனால். ஆனால், எழுவதற்கு ஒருவரின் உறுதி மட்டும் போதாது. அவரை மீண்டும் கம்பங்களுக்கிடையே நிறுத்தும் நம்பிக்கையும் வேண்டும். யாசினுக்கு அது கிடைத்தது, சொஃப்புக்கும் கிடைத்தது. பார்போசாவுக்குக் கிடைக்கவில்லை.

ஆதலால், சிறந்த கோல் காப்பாளர் வரிசையை எழுதுவோர் வெற்றிக் கிண்ணங்களை மட்டும் எண்ணுவது முறையாகாது. ஒரு வீரரை அவரது ஆயுள் முழுவதன் உழைப்பைக்கொண்டு அளக்கவேண்டுமேயன்றி, ஒரு கணத்தின் ஓரடி நகர்வைக்கொண்டு அளத்தலாகாது. அந்த நீதியான அளவுகோல் கைக்கொள்ளப்படும் நாளில், மரக்கானாவில் தோற்ற அந்த மனிதருக்கும் பெரியோர் வரிசையில் ஓரிடம் கிட்டும்.