யாருடைய அமைதி? கூடும் உரிமையும் தடுப்பு அதிகாரமும்



நினைவுநாளில் கூடுவது நமக்கு வெறும் சடங்கு அல்ல. சிலையும் மணிமண்டபமும் பாடநூலில் ஒரு பக்கமும் கிடைக்காத காலத்தில் நம் முன்னோடிகளை மறதியிலிருந்து காத்தவை இப்படிப்பட்ட கூட்டங்கள்தாம். நிலமும் பணமும் பதவியும் இல்லாத மக்களிடம் இருந்த ஒரே பலம், ஓரிடத்தில் திரண்டு நிற்பது. கூடும் உரிமையில் அரசு கைவைக்கும்போது முதலில் அடிபடுவது நாமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

‘பொது அமைதி’ என்ற பெயரில் அரசின் கையில் சேர்ந்துகொண்டே போகும் அதிகாரங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சட்டங்களின் பட்டியல் நீளமானது. ஆனால் அவை எல்லாவற்றின் முன்னும் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒருவர் தனக்குச் சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தப் போகிறார். இன்னொருவர், ‘நீ அப்படிச் செய்தால் ரத்தம் சிந்தும்’ என்கிறார். அமைதியைக் காக்க வந்த அதிகாரி இவர்களில் யாரைத் தடுக்க வேண்டும்?

மகாத் கற்பித்தது

1923இல் பம்பாய் சட்டமன்றம், பொதுப்பணத்தில் கட்டிய, பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டு மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தாளில் உரிமை வந்துவிட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று சவதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். அதன்பின் அடித்து நொறுக்கப்பட்டார்கள். குளம் ‘சுத்தம்’ செய்யப்பட்டது. ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது.

டிசம்பரில் மீண்டும் சத்தியாகிரகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்து வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ஆதிக்க சாதியினர் சிவில் நீதிமன்றம் சென்று, அம்பேத்கரும் அவரைச் சார்ந்தோரும் குளத்துக்குப் போகக் கூடாது என்று டிசம்பர் 14இல் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். கூடியிருந்த மக்கள் தடையை மீறிச் சிறை செல்லவும் தயாராக இருந்தார்கள். வழக்கு நடக்கும்போது அரசோடும் மோத வேண்டாம் என்று அண்ணல் அவர்களை இணங்க வைத்தார். குளத்தின் அருகே அமைதியாக ஊர்வலம் போய்த் திரும்பினார்கள். குளம் பொதுவானதே என்ற பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 1937 மார்ச்சில் வந்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டுகள்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது, தடையாணை யார் மீது பாய்ந்தது என்பதை. அடித்தவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. குடிக்க வந்தவர்களைக் கட்டுப்படுத்தியது. குளம், கிணறு, சாலை, பொது இடம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. அந்த வரிக்குப் பின்னால் மகாத்தின் நீர் இருக்கிறது. ஆனால் மகாத்தின் தடையாணைத் தர்க்கம் மட்டும் அரசு அலுவலகங்களில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

சட்டமே சொன்ன விடை

அந்தக் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1880களின் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிட்டது. சுந்தரம் செட்டி வழக்கு எனப்படும் அது, தெருவில் மேளதாளத்தோடு ஊர்வலம் செல்வது பற்றியது. நம் மக்கள் அதில் கட்சிக்காரர்கள் அல்லர். ஆனால் நீதிபதிகள் சொன்ன கோட்பாடு நமக்கு வேண்டியது. மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உரிமையை நிறுத்திவைக்க அல்லாமல் உரிமையைக் காக்கவே பயன்பட வேண்டும். சட்டவிரோதச் செயலைத்தான் அடக்க வேண்டும். கலகம் செய்யப்போவது யார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, அவர்களிடமே நன்னடத்தைப் பிணை வாங்க வேண்டும் என்றார்கள். நூறாண்டு கழித்து, 1981இல், குலாம் அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை எடுத்துக்காட்டி ஏற்றுக்கொண்டது.

நடைமுறை என்ன? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் தலித் இளைஞர்கள் சென்றதற்காகத் தாக்கப்பட்டார்கள். சமாதானக் கூட்டங்கள் நடந்தன. ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். காரணம், சட்டம் ஒழுங்கு. தலித்துகள் உள்ளே சென்று வழிபடுவதற்கு 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘இரு தரப்பையும்’ சமமாக நடத்துவதாக நிர்வாகம் சொல்லலாம். உரிமை கேட்டவரையும் உரிமையை மறுத்தவரையும் ஒரே தட்டில் வைக்கும் சமத்துவம், மறுத்தவருக்கே வெற்றி. அவர் விரும்பியது தலித் உள்ளே வரக் கூடாது என்பதுதானே.

முதுகுளத்தூரிலும் 1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் ஒரு சமாதானக் கூட்டம் நடத்தினார். அதில் சமமாக உட்கார்ந்து பேசிய இமானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2011 செப்டம்பர் 11, அவருடைய நினைவுநாள். அதற்கு இரண்டு நாள் முன்பு அந்த வட்டாரத்தில் ஒரு தலித் மாணவன் கொல்லப்பட்டிருந்தான். பரமக்குடிக்கு வரவிருந்த ஜான் பாண்டியனைக் காவல்துறை வழியிலேயே தடுத்துக் கைது செய்தது. அவரை விடுவிக்கக் கேட்டு மறியல் செய்த கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆறு தலித்துகள் உயிரிழந்தார்கள். விசாரணை ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. கொலை நடந்த பிறகு தடுக்கப்பட்டது கொலையாளியின் சாதித் திரட்சி அல்ல, அஞ்சலி செலுத்தப் போனவர்களின் கூட்டம்.

1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் தாமிரபரணியில் விரட்டப்பட்டு, குழந்தை உட்படப் பதினேழு பேர் மாண்டார்கள். மனுக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள்.

தடுப்பு அதிகாரம் வளர்ந்த கதை

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது 19(1)(ஆ) பிரிவு தரும் அடிப்படை உரிமை. அதைப் பொது ஒழுங்கு கருதி நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம் என்கிறது 19(3). ‘நியாயமான’ என்ற சொல்லில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து வழக்காடிய ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் இருந்தவர். உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. அதே மாதத்தில் ரொமேஷ் தாப்பர் வழக்கில், சென்னை அரசு ஓர் இதழுக்கு விதித்த தடையை ரத்து செய்தது. அதன் எதிர்வினையாக 1951இல் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ சேர்ந்தது. இடஒதுக்கீட்டைக் காத்த 15(4) பிரிவும் இதே திருத்தத்தில் வந்ததுதான். அப்போது சட்ட அமைச்சர் அண்ணல். ஒரே தாளில் நமக்கு ஒரு கதவு திறந்தது, இன்னொரு கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. வரலாற்றை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பிறகு மிசா, தேசியப் பாதுகாப்புச் சட்டம், தடா, பொடா என்று வரிசை நீண்டது. சில காலாவதியாயின, சில ரத்தாயின. ஆனால் அவற்றின் சாரம் அடுத்த சட்டத்துக்குள் போய்விடும். 1967இன் ஊபா சட்டம் 2004, 2008, 2019 திருத்தங்களால் பொடாவின் இடத்தைப் பிடித்தது. அதில் ஜாமீன் கிடைப்பது அரிது. நெருக்கடி நிலைக்குப் பின் 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் தடுப்புக் காவலுக்குச் சில கூடுதல் கட்டுப்பாடுகளை விதித்தது. அந்தப் பிரிவை இன்றுவரை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதிகாரம் தரும் சட்டம் ஒரே இரவில் அமலாகும்; அதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் காத்துக் கிடக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத்துக்கு 2017 நவம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. சிறையை விட்டு வருமுன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. வெளியே வர 2018 செப்டம்பர் ஆனது. தமிழ்நாட்டில் 1982இன் குண்டர் தடுப்புச் சட்டம் விசாரணையின்றி ஓராண்டு அடைத்துவைக்க இடம் தருகிறது. கள்ளச்சாராயக்காரர்களுக்காக வந்ததாகச் சொல்லப்பட்ட அச்சட்டம், 2017இல் மெரினாவில் ஈழத் தமிழர் நினைவேந்தலுக்குச் சென்ற திருமுருகன் காந்தி மீது ஏவப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை அவர் சிறையில் இருந்தார்.

மகாத் போராட்டத்தின் வரலாற்றை விரிவான நூலாக எழுதியவர் ஆனந்த் டெல்டும்ப்டே. பீமா கோரேகான் வழக்கில் ஊபா சட்டத்தின்கீழ் அவர் சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்தநாள். ஜாமீனில் வெளிவந்தது 2022 நவம்பர் 26, அரசமைப்பு நாள். அதே வழக்கில் கைதான, திருச்சி மண்ணில் பிறந்த ஸ்டேன் சுவாமி, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலையில் 84ஆம் வயதில் காவலில் இறந்தார்.

அண்ணலின் நிபந்தனை

போராட்டம் என்றதும் நம்மிடமே அம்பேத்கரைக் காட்டுவார்கள். 1949 நவம்பர் 25 உரையில் சத்தியாகிரகத்தைக் கைவிடச் சொன்னாரே என்பார்கள். உண்மை, சொன்னார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது அந்த முறைகளுக்கு நியாயமில்லை என்பதே அவர் வாதம். ஆயுதமின்றிக் கூடுவதும் ஊர்வலம் போவதும் அரசமைப்பு தந்த வழிகள். அவற்றை ஆணை போட்டு அடைத்துவிட்டு, ‘அரசமைப்பு வழியில் வாருங்கள்’ என்பவர் அண்ணலின் நிபந்தனையைத் தானே மீறியவர்.

நம் கையில் இருப்பவை

2024 ஜூலை முதல் பழைய 144க்குப் பதில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு வந்திருக்கிறது. எண் மாறியது, அதிகாரம் மாறவில்லை. 172ஆம் பிரிவில், காவலரின் உத்தரவுக்கு இணங்காதவரைப் பிடித்துவைக்கும் அதிகாரம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

மாணவர்கள் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 1965இல் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘சட்டம் ஒழுங்கு’, ‘பொது ஒழுங்கு’, ‘நாட்டின் பாதுகாப்பு’ ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்றான மூன்று வட்டங்களாகப் பிரித்தது. வெளிவட்டத்தில் நடக்கும் எல்லாச் சலசலப்பும் உள்வட்டத்தைத் தொடுவதில்லை. ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்று மட்டும் எழுதிய மறுப்பாணையைக் கேள்வி கேட்க இது போதும். இரண்டாவது, 2020இல் அனுராதா பாசின் வழக்கில், 144 ஆணைகளை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பப் போடுவது அதிகார மீறல் என்று அதே நீதிமன்றம் சொன்னது. வாய்மொழியாக அனுமதி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் தடுப்பு அதிகாரம் இருக்கிறது. பட்டியல் சாதியினர்மீது குற்றம் செய்யக்கூடியவர்கள், செய்வதாக மிரட்டியவர்கள் இருக்கும் பகுதியை வன்கொடுமை நிகழக்கூடிய பகுதியாக அறிவித்து, முன்கூட்டியே நடவடிக்கை எடுக்க ஆட்சியருக்கும் டி.எஸ்.பி.க்கும் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. அத்தகையவரை வெளியேற்ற 10ஆம் பிரிவில் வழி உண்டு. சுந்தரம் செட்டி வழக்கு சொன்ன நியாயம் நமக்காகவே சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடந்த பத்தாண்டில் 144 ஆணை எத்தனை முறை, 17ஆம் பிரிவு எத்தனை முறை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு எண்களையும் அருகருகே எழுதி ஊர் தோறும் படித்துக் காட்டுங்கள். இந்த உரை கேட்ட கேள்விக்கு, அமைதி யாருடையது என்பதற்கு, அரசின் கையெழுத்திலேயே விடை கிடைக்கும்.

ஜெய் பீம்.