ஓய்வு பெறாத அழைப்பு: ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் முதுமைக்காலம்

திருச்சபை வரலாற்றை எழுதுகையில் நாம் பெரும்பாலும் தொடக்கங்களையே நினைவுகூருகிறோம். முதல் ஆலயத்தைக் கட்டியவர், முதல் பள்ளியைத் திறந்தவர் ஆகியோரின் பெயர்கள் கல்வெட்டில் நிலைபெறுகின்றன. ‘இனிப் போதும், இளைப்பாறுங்கள்’ என்று சொல்லப்பட்ட வயதுக்குப் பின் ஒருவர் செய்த ஊழியமோ ஏடுகளில் இடம்பெறுவது அரிது. இக்குறை நீங்க நாம் நோக்கத்தக்கவர், கொல்லிமலையில் உழைத்த ஈவ்லின் பிராண்ட் அம்மையார்.

1879-இல் பிறந்து, லண்டனில் வசதியான குடும்பத்தில் வளர்ந்து, ஓவியக்கலை பயின்ற அவர், 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் மிஷனெரியை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். அம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலேரியா மிகுந்த இடம். ஆண்டுகள் பல சென்றும் நற்செய்திக்குச் செவிகொடுப்பார் இல்லை. 1918-ஐ ஒட்டிப் பரவிய இன்புளுயன்சா கொள்ளைநோயில், மரணப்படுக்கையிலிருந்த பூசாரி ஒருவர் தம் பிள்ளைகளை இவ்விருவரிடமே ஒப்படைத்தார். அந்நாள் முதலே மக்களின் உள்ளம் இவர்கள்பால் திரும்பலாயிற்று.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மரித்தார். விதவையான அம்மையார் சிறிது காலம் இங்கிலாந்தில் தங்கியபின் மீண்டும் இந்தியாவுக்கு வந்து உழைத்தார். அவர் எழுபது வயதை நெருங்குகையில் மிஷன் சங்கத்தார் ஓய்வுபெறும்படி கூறினர். முதியவரின் உடல்நலம் கருதிய அத்தீர்மானத்தை நாம் குறைகூறுவதற்கில்லை. அவரும் கீழ்ப்படிந்து சங்கத்தின் பணியிலிருந்து விலகினார். ஆனால் சங்கத்தின் ஆதரவின்றியே மறுபடியும் மலையேறினார். சிறு மரக்குடிலில் தங்கி, கொல்லிமலையோடு அண்டை மலைகளிலும் ஏறத்தாழ இன்னும் கால்நூற்றாண்டு ஊழியஞ்செய்தார்.

இடுப்பெலும்பு முறிந்தபின் இரு மூங்கிற்கோல்களை ஊன்றி நடந்தார். மட்டக்குதிரை மீதேறி, மருந்துப்பெட்டியுடன் ஊர் ஊராய்ச் சென்றார். கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தார். அக்காலத்தில் நரம்புச்சிலந்தி நோய் மலைமக்களை வாட்டியது. நோயுற்றோர் கிணற்றுப் படிகளில் இறங்கி நீரில் கால் வைக்கையில் புழுவின் முட்டைக்குஞ்சுகள் நீரிற் கலந்து, அதைக் குடிப்போரைப் பற்றும். கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பினால் இது நிற்கும் என்பதை அம்மையார் ஊர்தோறும் கற்பித்தார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் இல்லத்தில் முகம்பார்க்கும் கண்ணாடியே இல்லை என்பர். 1974 டிசம்பரில், தமது 95-ஆம் வயதில் மரித்து, கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கஞ்செய்யப்பட்டார்.

வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்த மருத்துவர் பால் பிராண்டின் தாயார் என்றே இவரைப் பலர் அறிவர். அது உண்மையே, ஆயினும் அவ்வளவில் நிற்பது நீதியன்று. எண்பத்தைந்து வயதில் மலைநாட்டைக் கேட்டு நின்ற காலேபை நாம் பிரசங்கிக்கிறோம். நம் சபையிலுள்ள முதிய விதவைகளையோ சந்திக்கப்படவேண்டியோர் பட்டியலிலும், உதவி பெறுவோர் பட்டியலிலும் மட்டுமே எழுதிவைக்கிறோம். கொடுப்பதற்கு அவர்களிடம் என்ன உண்டு என்று நாம் கேட்டதுண்டோ? உத்தியோகத்துக்கு ஓய்வு வயது உண்டு, அழைப்புக்கு இல்லை. அடுத்த முறை நாம் ஒரு முதிய தாயாரின் வீட்டிற்கு ஜெபிக்கச் செல்லும்போது, நமக்காக ஜெபிக்கும்படி அவரைக் கேட்டுத் தொடங்குவோமாக.